என் ஜிமிக்கியில் செய்த தாலி உருக்கப்படும் முன் மீட்டுத் தரக் கோருதல்

அனுப்புநர்
செ. நிர்மலா (வயது 29),
த/பெ. சென்னப்பன்,
மே/பா. தீபா,
மேட்டகள்ளி, மைசூரு.

பெறுநர்
உயர்திரு காவல் ஆய்வாளர் அவர்கள்,
ஹொசபாவி காவல் நிலையம்,
மைசூரு.

பொருள்: என் காது ஜிமிக்கிகளை அழித்துச் செய்த தாலியைத் திரு. கவின்ராஜ் என்பவர் தம் கைவசம் வைத்துக்கொண்டு, தமக்கு நடக்க இருக்கும் திருமணத்துக்காக வரும் வெள்ளிக்கிழமை அதை உருக்க இருப்பதால், அதற்கு முன் மீட்டுத் தரக் கோருவது தொடர்பாக.

பார்வை: சென்ற மாதம் தங்கள் நிலையத்தில் நடந்த விசாரணை, அப்போது திரு. கவின்ராஜ் கையொப்பமிட்டுக் கொடுத்த வாக்குமூலம்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம்.

1. நான் ஹனூரைச் சேர்ந்தவள். ஹெப்பாள் தொழிற்பேட்டையில் மின்னணுப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் தரச் சோதனைப் பிரிவில் வேலை செய்கிறேன். கன்னடம் நன்றாகப் பேசுவேன். ஆனால் சத்தியமங்கலத்தில் விடுதியில் தங்கித் தமிழ்வழியில் படித்ததால் எழுத வருவது தமிழ்தான். தாங்கள் கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்தவர், தமிழ் படிப்பீர்கள் என்று அறிந்து துணிந்து எழுதுகிறேன். கோப்புக்கு வேண்டிய கன்னடப் பிரதியை என்னோடு வேலை செய்யும் தோழி தீபா எழுதித் தந்திருக்கிறார். அதில் என் கோபம் கொஞ்சம் குறைவாகத் தெரியும். அவர் நல்ல குடும்பத்துப் பெண், சில சொற்களை விட்டுவிட்டார்.

2. எதிர்மனுதாரரான திரு. கவின்ராஜ் கொள்ளேகாலைச் சேர்ந்தவர். அதே தொழிற்பேட்டையில் வேறொரு நிறுவனத்தில் ஸ்டோர் கீப்பராக இருக்கிறார். அதாவது, மற்றவர் பொருளை வாங்கிப் பத்திரமாக வைத்து, உரியவர் கேட்கும்போது எடுத்துக் கொடுக்கும் வேலை. அந்த வேலையில் அவருக்கு நல்ல பெயர் என்று கேள்வி.

3. நாங்கள் இருவரும் விரும்பினோம். அவருடைய தங்கையின் திருமணம் முடிந்ததும் வீட்டில் சொல்லி மணம் செய்துகொள்வதாகப் பேச்சு. அதுவரை சேர்ந்து வாழலாம் என்று முடிவு செய்து ஹொசபாவி லேஅவுட்டில் வீடு தேடினோம். மைசூரில் வீடு தேடியவர்களுக்குத் தெரியும், ஒவ்வொரு கேட்டிலும் ‘குடும்பத்தாருக்கு மட்டும்’ என்று பலகை தொங்கும். திருமதி ரங்கம்மா என்பவரின் வீட்டு மாடி காலியாக இருந்தது. கணவன் மனைவி என்று சொன்னோம். அன்று என் கழுத்தில் இருந்தது பூஜைச் சாமான் கடையில் வாங்கிய மஞ்சள் கயிறு. திருமதி ரங்கம்மா என் முகத்தைப் பார்க்கும் முன் கழுத்தைப் பார்த்தார். “கரிமணி எல்லம்மா?” என்று கேட்டார். கருகமணி எங்கே என்பது பொருள். மெருகு போடக் கடையில் கொடுத்திருப்பதாகத் திரு. கவின்ராஜ் உடனே சொன்னார். பொய் அவர் வாயில் எவ்வளவு சுலபமாக வந்தது என்று அன்று எனக்குச் சிரிப்பு வந்தது. இன்று சிரிப்பு வரவில்லை.

4. மெருகு போடக் கொடுத்ததாகச் சொன்ன தாலி ஏதாவது ஒரு நாள் திரும்பி வந்தாக வேண்டும் அல்லவா? திரு. கவின்ராஜிடம் அதற்குப் பணமும் இல்லை, அவசரமும் இல்லை. என்னிடம் ஒரு ஜோடி ஜிமிக்கி இருந்தது. நான் பெரியவளானபோது என் தாய்மாமன் சீரில் வைத்துக் கொடுத்தது. அவர் கரும்பு வெட்டும் கூலிக்காரர். அதற்காக அவர் எத்தனை பேரிடம் கை நீட்டினார் என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அந்த ஜிமிக்கியை மைசூரில் ஒரு பொற்கொல்லரிடம் கொடுத்து அழித்து, இந்த ஊர்க் கன்னடக் குடும்பத்துப் பெண்கள் போடுவதுபோல, சிறு கிண்ணம் கவிழ்த்த மாதிரி இரண்டு பொட்டுகள் செய்து, கருகமணியில் கோத்து வாங்கினேன். திருமதி ரங்கம்மாவுக்குத் திருப்தி. அன்று எங்களுக்குப் பாயசம் கொடுத்தார்.

5. இந்த இடத்தில் தாங்கள் தயவுசெய்து கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கொள்ளேகால், ஹனூர் பக்கத்தில் எங்கள் இரு குடும்பங்களிலும் கருகமணி கட்டும் வழக்கம் கிடையாது. எங்களுடையது மஞ்சள் சரடு, மூன்று முடிச்சு. திரு. கவின்ராஜ் எனக்குத் தாலி கட்டியிருந்தால் அது இந்த மாதிரித் தாலியாக இருந்திருக்கவே முடியாது. இதை அவர் கட்டவில்லை. வேறு யாரும் கட்டவில்லை. இதில் முடிச்சே இல்லை, கொக்கிதான். பொற்கொல்லர் கடைக் கண்ணாடியின் முன் நின்று நானே மாட்டிக்கொண்டேன். கொக்கி சரியாக விழவில்லை என்று பொற்கொல்லரின் மனைவி பின்னால் வந்து சரிசெய்து விட்டார். தாலி கட்டியவர் என்று யாரையாவது சொல்லியே ஆக வேண்டும் என்றால், அந்த அம்மாளைத்தான் சொல்ல வேண்டும்.

6. எங்கள் சோதனைப் பிரிவுக்குள் கழுத்தில் உலோகம் கூடாது. திருமணமான பெண்கள் தாலியைக் கழற்ற மனம் வராமல் அதன்மேல் டேப் சுற்றிக்கொண்டு உள்ளே போவார்கள். மேலாளரும் பேசாமல் விட்டுவிடுவார். நான் வாயிலில் கழற்றி, டிபன் பெட்டியோடு லாக்கரில் வைத்துவிட்டுப் போவேன். இதற்குத் தீபா சாட்சி. ஹனூருக்குப் போகும்போதும் அப்படித்தான். மற்ற பெண்கள் தாலியோடு அம்மா வீட்டுக்குப் போகிறார்கள். நான் தாலியை ஹொசபாவி வீட்டுச் சுவரில், கண்ணாடிக்குப் பக்கத்தில் இருந்த ஆணியில் மாட்டிவிட்டு அம்மா வீட்டுக்குப் போவேன். அந்தப் பழக்கம்தான் இன்று என்னைத் தங்கள் முன் நிறுத்தியிருக்கிறது.

7. சென்ற ஆவணியில் என் தந்தைக்குக் கண் அறுவைச் சிகிச்சை நடந்தது. வழக்கம்போல் தாலியை ஆணியில் மாட்டிவிட்டு ஹனூருக்குப் போனேன். தந்தையின் கண்கட்டை அவிழ்க்கும்வரை உடன் இருந்தேன். நான் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் படுத்திருந்த அந்த நாட்களில் திரு. கவின்ராஜ் தம் குடும்பத்தோடு போய்ப் பெண் பார்த்துப் பூ வைத்துவிட்டு வந்திருக்கிறார். எனக்கு அது தெரியாது. இரவு எட்டு மணிக்கு என்னைக் கூப்பிட்டு, அப்பா சாப்பிட்டாரா என்று மட்டும் கேட்பார். நான் திரும்பி வந்தபோது மாடி வீட்டுக்கு வேறு பூட்டு. கைபேசியில், ‘பேச வேண்டியதெல்லாம் பேசியாகிவிட்டது, இனி அவரவர் வழி’ என்று ஒரு செய்தி. ஐயா, நாங்கள் எதையுமே பேசவில்லை. அவர் தனக்குத்தானே பேசி, தனக்குத்தானே சம்மதமும் சொல்லிக்கொண்டார்.

8. என் உடைமைகளைக் கேட்டேன். ஒரு வாரம் கழித்து, எங்கள் நிறுவனப் பேருந்து வந்து நிற்கும் இடத்தில், காலைப் பணிக்குப் போகும் அத்தனை பேர் முன்னிலையிலும், ஓர் அரிசிச் சாக்கை என் காலடியில் வைத்துவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். சாக்கின் வாய் கட்டப்படவில்லை. மேலேயே என் உள்ளாடைகள். அதன் கீழே அறுந்த செருப்பு, பாதி தீர்ந்த ஷாம்பு, முடி சிக்கிய சீப்பு, நான் வாரி உருட்டி வைத்திருந்த முடிக்கற்றை. என் டிபன் பெட்டியும் இருந்தது. அதற்குள் சிகரெட் சாம்பல். என் நீலப் புடவையில் பைக் துடைத்த கிரீஸ். வீட்டில் இருந்த குப்பையைக் கூட்டி அள்ளி எனக்குச் சீர் அனுப்பியிருந்தார். பேருந்தில் எல்லோரும் ஜன்னல் வழியே பார்த்தார்கள். தீபா இறங்கி வந்து தன் துப்பட்டாவைச் சாக்கின் மேல் போட்டு மூடினார். தையல் இயந்திரம், மிக்சி, தாலி ஆகிய மூன்றும் அதில் இல்லை.

9. அதன்பின் தங்கள் நிலையத்தில் கொடுத்த வாய்மொழிப் புகாரின்பேரில் உதவி ஆய்வாளர் அம்மையார் திரு. கவின்ராஜை அழைத்து விசாரித்தார்கள். தாங்கள் அன்று தசரா பந்தோபஸ்தில் இருந்தீர்கள். திரு. கவின்ராஜ், தம் தாயார் திருமதி பஞ்சவர்ணம், மாமா திரு. கெம்பையன் ஆகியோருடன் வந்தார். தையல் இயந்திரத்தையும் மிக்சியையும் அப்போதே கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். மிக்சியில் சட்னி காய்ந்து புழு வைத்திருந்தது என்பதை இங்கே பதிவு செய்கிறேன். நான் கழுவவில்லை, எறிந்துவிட்டேன்.

10. தாலியைக் கேட்டபோது மட்டும் பேச்சு மாறியது. மாதேஸ்வரன் மலையில் சாமி சன்னிதியில் தாம் எனக்குக் கட்டிய தாலி அது என்றும், ஆகவே தம் குடும்பத்துப் பொன் என்றும் திரு. கவின்ராஜ் கூசாமல் கூறினார். திருமதி பஞ்சவர்ணம், “தாலி கட்டுனவனூட்டுப் பொன்னுங்க அது. அவ போறான்னா பொன்னு திரும்பி எங்கூட்டுக்கு வந்தாகோணும்” என்றார். அன்றுவரை நான் கண்ணால் கண்டிராத திரு. கெம்பையன், “நாந்தானுங்க கூட நின்னேன். தேங்கா ஒடச்சதே நானு” என்றார். கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவருக்கு மதி வேண்டாமா? நான் கருகமணியைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தபோதெல்லாம் திருமதி பஞ்சவர்ணம் அழத் தொடங்கினார். அம்மையார், அந்த மூவரும் சொன்னதை எழுதி, அவர்களிடம் கையொப்பம் வாங்கிக்கொண்டு, இது கணவன் மனைவி விவகாரம், குடும்ப நீதிமன்றத்துக்குப் போங்கள் என்று என்னை அனுப்பினார்கள். அம்மையார்மேல் எனக்கு வருத்தம் இல்லை. எழுதிக் கொடுத்ததை நம்பினார்கள்.

11. நீதிமன்றம் போனேன். அங்கிருந்த வழக்கறிஞர், திருமணம் நடந்ததற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டார். நடக்கவே இல்லை என்றேன். நடக்காத திருமணத்துக்குக் குடும்ப நீதிமன்றத்தில் என்ன வேலை, போலீசுக்குப் போங்கள் என்றார். இப்படியாக நான் அங்கே மனைவி அல்லாதவள், இங்கே மனைவி. இரண்டு இடத்திலும் என் பொன் மட்டும் கவின்ராஜிடம்.

12. இந்நிலையில், சென்ற சனிக்கிழமை மாலை திருமதி பஞ்சவர்ணம் என்னைக் கைபேசியில் அழைத்தார். தவறுக்கு மன்னிப்புக் கேட்கிறார் போலும் என்று எடுத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். அவர் பேசியதை அப்படியே தருகிறேன்: “நிர்மலா கண்ணு, கோவிச்சுக்காத. அந்தப் பொன்னுல செம்பு எத்தன சேத்திருக்குதுன்னு ஆசாரி கேக்கறாரு. வர்ற வெள்ளிக்கெழம தாலிக்கு உருக்கோணும். உனக்குத்தான தெரியும்?”

13. ஐயா, நான் அழைப்பைத் துண்டித்தேன். கைபேசியை ஈரத்துணியால் துடைத்து வைத்தேன். பிறகு யோசித்தபோதுதான் அந்தக் கேள்வியில் என் வழக்கே அடங்கியிருப்பது புரிந்தது. மகன் செய்து மலையில் கட்டிய தாலி என்றால், அதில் செம்பு எவ்வளவு என்று மகனிடம் அல்லவா கேட்க வேண்டும்? என்னை எதற்கு அழைக்க வேண்டும்? அந்த உரையாடல் என் கைபேசியில் பதிவாகியிருக்கிறது. எப்போது கேட்டாலும் தரச் சித்தமாக இருக்கிறேன்.

14. கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். ஒருத்தியின் தாய்மாமன் சீரை உருக்கி இன்னொருத்திக்குத் தாலி செய்வார்கள் என்று இப்போதுதான் பார்க்கிறேன். இரண்டு கோடை என் கழுத்து வியர்வையில் ஊறிய பொன் அது. தினமும் லாக்கரில் என் சாப்பாட்டு டப்பாவோடு கிடந்தது. அதைச் சுத்தம் செய்து, மஞ்சள் தடவி, பெரியவர்கள் கையில் கொடுத்து ஆசி வாங்கி, அந்தப் பெண் கழுத்தில் கட்டுவார்கள். அவளும் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். அந்தப் பெண்ணின் பெயர் எனக்குத் தெரியும். இந்த மனுவில் எழுத விரும்பவில்லை. அவள் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. எனக்கு ஏற்படுவது பொறாமை என்று சிலர் நினைக்கக்கூடும். இல்லை. சாக்கடையில் விழுந்த கரண்டியைத் துடைத்து விருந்தாளிக்குப் பரிமாறுவதைப் பக்கத்தில் நின்று பார்ப்பவருக்கு என்ன வருமோ, அதுதான்.

15. என் பெற்றோருக்கு இவை எதுவும் இதுவரை தெரியாது. ஜிமிக்கி எங்கே என்று அம்மா கேட்கும்போதெல்லாம், பேருந்துக் கூட்டத்துக்குப் பயந்து பத்திரமாக வைத்திருப்பதாகச் சொல்லி வருகிறேன். தைப்பொங்கலுக்கு மாமா எங்கள் வீட்டுக்கு வருவார். வந்தால் முதலில் என் காதைத்தான் பார்ப்பார். இந்த மனுவை விசாரித்தால் எங்கள் வீட்டுக்குத் தகவல் போகும் என்பதும், ஹனூரில் என் தந்தை தலைகுனிந்து நடக்க வேண்டியிருக்கும் என்பதும் தெரிந்தேதான் கொடுக்கிறேன். சேர்ந்து வாழ்ந்ததற்காக நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. யாரோடு வாழ்ந்தேன் என்பதுதான் கூசுகிறது.

16. கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்பார்கள். பொன்னை வைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகத் திரு. கவின்ராஜ் தங்கள் நிலையத்தில் தம்மை என் கணவர் என்று எழுதிக் கையொப்பமிட்டிருக்கிறார். வரும் கார்த்திகையில் கொள்ளேகாலில் ஒரு மண்டபத்தில் அவரே மாப்பிள்ளையாக உட்கார இருக்கிறார். பத்திரிகையின் நகல் இணைத்திருக்கிறேன். தேங்காய் உடைத்ததாகச் சாட்சி சொன்ன அதே திரு. கெம்பையனின் பெயர், தங்கள் நல்வரவை விரும்பும் உறவினர் வரிசையில் முதலில் இருக்கிறது. தாலி கட்டியது உண்மை என்றால், மனைவி உயிரோடு இருக்கும்போது இது இரண்டாம் திருமணம். கட்டவில்லை என்றால், என் பொருளைப் பறித்து வைத்துக்கொண்டு காவல் நிலையத்திலேயே பொய் எழுதிக் கொடுத்திருக்கிறார். இரண்டில் எது சட்டத்தில் பெரிய குற்றம் என்று எனக்குத் தெரியாது, தங்களுக்குத் தெரியும். இரண்டும் இல்லை என்று சொல்ல அவருக்கு வழியே கிடையாது.

17. ஆகவே தங்களை நான் கேட்டுக்கொள்வது:

அ. வெள்ளிக்கிழமை காலைக்கு முன், அந்தத் தாலி எந்த ஆசாரியின் பட்டறையில் இருந்தாலும், நெருப்பில் வைக்கப்படாமல் தங்கள் பொறுப்பில் எடுத்து வைக்கும்படி உத்தரவிட வேண்டுகிறேன். உருகிவிட்டால் அதற்கு அடையாளம் இல்லை. பிறகு அது யாருடைய ஜிமிக்கி, யாருடைய தாலி என்று கடவுளாலும் சொல்ல முடியாது.

ஆ. திரு. கவின்ராஜைத் தாங்களே நேரில் அழைத்து விசாரிக்க வேண்டுகிறேன். அம்மையாரின் முன்னிலையில் அவர் எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தை அவரிடம் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். அப்போது பக்கத்து நாற்காலியில் மணப்பெண்ணின் தந்தையும் இருக்கட்டும். இது ஒன்றுதான் நான் வைக்கும் நிபந்தனை. திருமதி பஞ்சவர்ணம் அழுதால் அழட்டும். அழுது முடித்த பிறகு கேளுங்கள்: தம்பி, நீ இந்தப் பெண்ணுக்குத் தாலி கட்டினாயா, இல்லையா?

இ. இல்லை என்று அவர் சொன்னால், அங்கேயே, அவர் கையாலேயே, என் பொருளை மேசைமேல் வைக்கச் சொல்லுங்கள். நான் எடுத்துக்கொண்டு போய்விடுகிறேன். அவர்மேல் வேறு எந்த நடவடிக்கையும் கேட்கமாட்டேன். ஆம் என்று சொன்னால், என் பொருளை விட்டுவிடுங்கள். முதலில் அந்தப் பெண்ணின் தந்தை இந்தத் திருமணத்தை நிறுத்திவிட்டுத் தம் மகளிடம் போகட்டும்.

வெள்ளிக்கிழமைக்கு இன்னும் சில நாட்களே உள்ளதால், தாமதமின்றிக் கருணை கூர்ந்து ஆவன செய்யுமாறு பணிந்து வேண்டுகிறேன். எந்நேரம் அழைத்தாலும், வேலையில் இருந்தாலும், வந்து நிற்பேன்.

இடம்: மைசூரு
நாள்: 03.11.2025

தங்கள் நீதியை எதிர்நோக்கும்,

(ஒப்பம்)
செ. நிர்மலா

இணைப்பு: பெரியவளான சீரில் ஜிமிக்கி அணிந்து எடுத்த புகைப்படம்; தாலி செய்து தந்த பொற்கொல்லரின் கடிதம்; திருமணப் பத்திரிகை நகல்; கன்னடப் பிரதி.